நகல் போதும்

ஜூலை 7, திங்கள்

இது போன வருஷத்து வரைபட நோட்டு. பின்பக்கம் முழுக்கக் காலி. பைபிளின் ஜிப் உறைக்குள் இதை வைத்திருக்கிறேன். பைபிள் வெளியே, தலையணைக்கு அடியில். இந்த வீட்டில் யாரும் இன்னொருவர் பைபிளின் ஜிப்பைத் திறக்க மாட்டார்கள். பாவம்தான். ஆனால் ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீட்டில் எனக்கு மட்டும் என்று இருப்பது அந்த ஜிப் ஒன்றுதான்.

அம்மா விடியற்காலையில் நாவலூர் வேனைப் பிடிக்க வேண்டும். அதனால் ஒன்பதரைக்கே விளக்கு அணைந்துவிடும். ஷாரோன் அக்காவின் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு எப்படித் தூக்கம் வரும்?

இன்று ஒன்றும் நடக்கவில்லை. பள்ளி வாசல் கரும்பலகையில் வழக்கம்போல எழுதினேன். நாள், கிழமை, இரண்டு செய்தி, ஓர் ஆங்கிலச் சொல், அதன் பொருள். பள்ளியைப் பெருக்கும் சந்திரம்மா அக்கா ஈரத்துணியால் துடைத்துத் தருவார். ஈரம் காய்வதற்குள் எழுதினால் எழுத்து அழுத்தமாக விழும். எட்டு ஐம்பதுக்கு பி.டி. மிஸ் வந்து போட்டோ எடுத்துப் பெற்றோர் குரூப்பில் போடுவார். படித்துப் பார்க்க மாட்டார். இன்று ஜூலைக்குப் பதில் ஆகஸ்ட் என்று எழுதிவிட்டேன். அப்படியே போய்விட்டது. அறுநூறு பெற்றோர், ஒருவரும் கேட்கவில்லை.

கை ஏன் தவறியது என்று எனக்குத் தெரியும். பயம். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். சுற்றி வளைத்து எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறேன். யாருக்கும் தெரியாது.

ஜூலை 8, செவ்வாய்

எப்படி ஆரம்பித்தது என்று எழுதிவைக்கிறேன். பிறகு யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

அம்மா வேலை செய்யும் நாவலூர் அடுக்ககத்தில் போன வருஷம் ஒரு நார்வே பெண் இருந்தாள். என் வயது. ஒரு வீட்டில் அவர்கள் பெண் மாதிரியே தங்கி, பக்கத்துப் பள்ளியில் படித்தாள். அம்மா தரை துடைக்கும்போது காலைத் தூக்கி வைத்துக்கொண்டு "குட் மார்னிங் மார்கரெட் ஆன்ட்டி" என்பாளாம். "ஒரு வருசம் இங்க படிக்குதாம். இங்கத்திப் பொண்ணு ஒண்ணு அங்க போயி படிக்குதாம். மாத்திக்கினாங்களாம்," என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கிருந்து போன பெண் யார்? அவளுக்கு யார் சொன்னார்கள்?

பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் வாரம் ஒரு மணி நேரம் கிடைக்கும். தேடினேன். மாணவர்களை நாடு மாற்றிப் படிக்கவைக்கும் ஒரு திட்டத்தின் தளம் கிடைத்தது. மஞ்சள் வீடுகள், பனி, சிரிக்கும் பிள்ளைகள். எல்லாம் ஆங்கிலம். பிறகு ஷாரோன் போனில் ஒரு நாளைக்கு ஒரு பத்தி, அகராதி வைத்துக்கொண்டு. யார் விண்ணப்பிக்கலாம், எந்த வயது, எப்படித் தேர்ந்தெடுப்பார்கள், உதவித்தொகை யாருக்கு — எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். பிறகு தோன்றியது, எனக்கு மட்டும் ஏன்? நோட்டுத் தாளில் கையால் எழுதிப் படம் எடுத்துப் போட்டேன். போனில் தமிழ் அடித்தால் நான் ஒன்று நினைக்க அது ஒன்று அடிக்கிறது. கையெழுத்து என்றால் என் சொல் கேட்கும்.

பக்கத்தின் பெயர் "நகல் போதும்". அந்தத் திட்டத்தின் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது. மூலச் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம், நகல் போதும்.

பிடித்த வரி என்று எழுதினேன். இல்லை. என்னைப் பயமுறுத்திய வரி.

ஏனென்றால் ஷாரோனின் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், டி.சி., எல்லாமே மூலச் சான்றிதழ்கள், ஜூன் 12ஆம் தேதியிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புவதாகச் சொல்லும் செங்கல்பட்டு கலங்கரை ஓவர்சீஸ் அலுவலகத்தில் இருக்கின்றன. அப்பாதான் கொண்டுபோய்க் கொடுத்தார். அதே நார்வே, அதே மாணவர் எக்ஸ்சேஞ்ச் என்றுதான் அதன் முதலாளி சொன்னார். நர்சிங் சேர்த்துவிடுவாராம்.

ஜூலை 11, வெள்ளி

திட்டத்தின் அலுவலகத்துக்கு ஒரு மெயில் அனுப்பியிருந்தேன். எட்டு வரி ஆங்கிலம், மூன்று நாள் எழுதினேன். இன்று பதில். கலங்கரை ஓவர்சீஸ் என்று எங்களுக்கு முகவர் யாரும் இல்லை. நாங்கள் நர்சிங் படிப்பு நடத்துவதில்லை. பள்ளி மாணவர்களுக்கு மட்டும். உன் அக்கா தன் சான்றிதழ்களை உடனே திரும்பப் பெறட்டும்.

"அன்புள்ள ரூத்" என்று ஆரம்பித்திருந்தார்கள். அதை நான்கு முறை படித்தேன். பிறகு மற்றதை.

ஜூலை 12, சனி

அப்பாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. எங்கே படித்தாய், யார் போனில், யாருக்கு மெயில் அனுப்பினாய் என்று கேட்பார். ஷாரோனிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அப்பாகிட்ட இப்ப சொல்லாத ரூத்து. அவருக்கு அந்தாளு மேல ரொம்ப மரியாத," என்றாள்.

எனக்கு அந்த மரியாதை எங்கிருந்து வந்தது என்று தெரியும். அப்பா கல்பாக்கம் ஊழியர்களைக் கூட்டிப்போகும் ஒப்பந்த வேனை ஓட்டுகிறார். இருபது வருஷமாக அவரை எல்லோரும் "டிரைவர்" என்றோ "தேவா" என்றோதான் கூப்பிடுகிறார்கள். செங்கல்வராயன் — கலங்கரை முதலாளி — ஏ.சி. அறையில் நாற்காலி போட்டு, "வாங்க தேவசகாயம் சார்," என்றாராம். அன்று வீட்டுக்கு வந்து அப்பா அதை மூன்று முறை சொன்னார்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று என் பக்கத்தையே எனக்குக் காட்டினாள் ஜோதிலட்சுமி. எங்கள் வகுப்பு. ஒரகடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். கரும்பலகையில் தான் எழுத வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதனால் என்னோடு அவ்வளவாகப் பேச மாட்டாள்.

"இத்த பாத்தியா? யாரோ ஒரு அக்கா எழுதுது. சூப்பரா கீது. உனக்கு இங்கிலீசு வராதில்ல, படிச்சிக்கோ."

நான், "அப்படியா," என்றேன். வேறென்ன சொல்வது?

ஜூலை 22, செவ்வாய்

ஷாரோனுக்கு நர்சிங் கவுன்சிலிங் அழைப்பு வந்திருக்கிறது. அவளே தனியாக விண்ணப்பித்திருந்தாள், யாரிடமும் சொல்லாமல். சான்றிதழ் சரிபார்ப்பு ஆகஸ்ட் 21, வியாழன், சென்னையில். மூலச் சான்றிதழ்களோடு வர வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

இன்னும் முப்பது நாள்.

ஜூலை 25, வெள்ளி

அப்பாவும் ஷாரோனும் செங்கல்பட்டு போய் வந்தார்கள். அப்பா நிம்மதியாக வந்தார். "ஃபைலு எம்பஸில கீதாம். வரும்போது சொல்றேன்னாரு. டீ குடுத்தாங்க, சாசர் வச்சி."

அப்பா குளிக்கப் போனதும் ஷாரோன் என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்தாள்.

"அந்தாளு உக்காந்துகினு கீறாருல்ல, அவுரு முதுகுக்குப் பின்னால கண்ணாடி அலமாரி. அதுல என் ஃபைலு. நீலக் கலரு, பட்டாம்பூச்சி ஸ்டிக்கரு. நானே ஒட்டுனது."

"நீ சொல்ல வேண்டியதுதான?"

"அப்பா சாசர்ல டீய ஊத்திக் குடிச்சிகினு இருந்தாருடி. அந்த நேரத்துல நான் எப்படி சொல்லுவேன்?"

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். பிறகு என் பக்கத்துக்கு எழுதினேன். பெயர் போடவில்லை. "செங்கல்பட்டில் ஓர் அலுவலகம் உண்டு. உங்கள் சான்றிதழ் தூதரகத்தில் இருக்கிறது என்று சொல்வார்கள். அது அவர்கள் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் இருக்கும். திரும்பிப் பாருங்கள்."

போட்டுவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஏழு பேர் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். "எங்க அண்ணன் சர்டிபிகேட்டும் அங்கதான்." "என் தங்கச்சிது நாலு மாசமா கீது." பெயர் கேட்டால் ஒருவரும் சொல்லவில்லை. சான்றிதழைக் கேட்டால் அந்த ஆள் தரமாட்டான், கிழித்துப்போடுவான் என்று பயம்.

சரி. எனக்கும்தான் பயம். நான் மட்டும் பெயர் போட்டேனா?

ஜூலை 30, புதன்

கடவுளே.

ஒழுங்காக எழுதுகிறேன்.

வெளிநாட்டுக் கல்வி பற்றி எங்கள் பள்ளியில் இன்று ஒரு கூட்டம். பேச வந்தவர் செங்கல்வராயன். போன வருஷம் பள்ளிக்குக் குடிநீர் இயந்திரம் வாங்கித் தந்தவர் என்று ஹெச்.எம். மிஸ் மாலை போட்டார். வெள்ளைச் சட்டை, கனிந்த குரல். ஒரு மணி நேரம் பேசினார். விமானத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் மேகம் பஞ்சு மாதிரி இருக்கும் என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

போகும்போது வாசலில் கரும்பலகை முன் நின்றார். நான் சுண்ணக்கட்டிப் பெட்டியை உள்ளே வைக்க வந்தேன். அவர் பலகையைப் பார்த்தார். போனை எடுத்தார். போனைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று.

எங்கள் பலகையில் வலது பக்கம் ஒரு நீளக் கீறல் உண்டு. அதில் சுண்ணக்கட்டி தட்டாமல் இருக்க, ழ எழுதும்போது வாலைத் தூண்டில் முள் மாதிரி உள்ளே சுருட்டிப் பழகிவிட்டேன். இரண்டு வருஷப் பழக்கம். தாளில் எழுதினாலும் அப்படித்தான் வருகிறது. பெயரை மறைத்தேன், ஊரை மறைத்தேன், முகத்தை மறைத்தேன். இந்தப் பள்ளியில் எல்லோரும் தினமும் காலையில் பார்க்கும் கையெழுத்தை அப்படியே படம் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

"நீதான் எழுதறியா பாப்பா?" என்றார்.

"ஆமாம் சார்."

"முத்து முத்தா இருக்கு. எங்கயோ பாத்த மாதிரியே இருக்கு. அப்பா பேரு?"

நான் சொல்லவில்லை. ஹெச்.எம். மிஸ்தான், "ரூத். தேவசகாயம்னு, கல்பாக்கம் வண்டி ஓட்றாரு," என்றார்.

"ஓ. நம்ம தேவசகாயம் சார் பொண்ணா," என்று சிரித்துவிட்டுக் காரில் ஏறினார்.

ஜூலை 31, வியாழன்

அப்பாவுக்குப் போன் வந்துவிட்டது. வேனை வாயலூர் பாலத்தருகே ஓரங்கட்டிப் பேசினாராம்.

"இன்னா காரியம் பண்ணிகினு கீற நீ? அக்கா வாழ்க்கையே அந்தாளு கையில கீது. நீ அவனப் போயி சீண்டற. சைபர் கிரைம்ல எழுதிக் குடுப்பேன்றான். பதினாறு வயசுல போலீஸ் ஸ்டேசன் போறியா?"

அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போய் வேனில் உட்கார்ந்துகொண்டார்.

மெயிலைக் காட்டலாம் என்று போனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வேன் கதவு பூட்டியிருந்தது. தட்டினேன். கண்ணாடியை இறக்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

யாரும் என்னோடு பேசவில்லை. நானும் பக்கத்தை அழிக்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஹெச்.எம். மிஸ் அறைக்குக் கூப்பிட்டார். அப்பாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா காக்கிச் சட்டையோடு கதவருகில் நின்றார். உட்காரச் சொல்லவில்லை.

செங்கல்வராயன் சொல்லியனுப்பிய நிபந்தனை இது. பக்கத்தை அழிக்க வேண்டும். அதோடு, புதன்கிழமை காலை, என் கையாலேயே, பள்ளிக் கரும்பலகையில் எழுத வேண்டும்: "இணையத்தில் நான் வெளியிட்ட தகவல்கள் தவறானவை. வருந்துகிறேன்." கரும்பலகை எதற்கு? அந்தப் போட்டோ எல்லாப் பெற்றோருக்கும் போகுமே. அதே கையெழுத்தில் மறுப்பு வந்தால் எல்லோரும் நம்புவார்கள். பிறகு ஃபைலைத் தருவாராம்.

"சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்ட. எழுதிட்டா முடிஞ்சுது," என்றார் மிஸ். அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் கையெழுத்துப் போட்டியில் பரிசு கொடுத்தவர். ஆனால் நான் எழுதியது உண்மையா என்று ஒரு முறை கூடக் கேட்கவில்லை.

அப்பா என்னைப் பார்க்காமல், "எழுதிடும் மிஸ்," என்றார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று அம்மா வேலைக்குப் போகவில்லை. அம்மா விடுப்பு எடுத்து நான் பார்த்ததே இல்லை. மெயிலை அவளுக்குப் படித்துக் காட்டினேன், வரி வரியாகத் தமிழில். கேட்டுவிட்டு அப்பாவிடம் போனாள்.

"எழுதிக் குடுத்தா ஃபைலு வந்துடுமா? அத்த கேட்டியா அந்தாள?"

"வரும்னாரு."

"போன மாசமும் வரும்னாரு."

"வேற இன்னாடி பண்ணச் சொல்ற? அவன் கிழிச்சிப் போட்டா? ஒரு காயிதம் அது. கிழிக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

ஷாரோன் இரண்டு வருஷம் சமையல்கட்டில் குந்திப் படித்த படிப்பு முழுக்க அந்த ஒரு நீல ஃபைலில் இருக்கிறது. அப்பா பயப்படுவதில் தப்பே இல்லை.

ஆனால் நான் தப்பு என்று எழுதிவிட்டால், அந்த ஏழு பேர்? நாளைக்கு அங்கே போய் நாற்காலியில் உட்காரப் போகிற எட்டாவது ஆள்?

ஷாரோனிடம் கேட்டேன். அவள் ஃபைல், அவள்தான் சொல்ல வேண்டும். "நாளைக்கு நான் இன்னா எழுதணும், நீ சொல்லு. நீ சொன்னத எழுதறேன். சத்தியமா."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "அந்த அலமாரில என் ஃபைலு மட்டும் இல்லடி. அடுக்கி வச்சிகினு கீறான்," என்றாள். அப்புறம், "பட்டாம்பூச்சின்னு எழுது. அப்பத்தான் பொய்யி இல்லன்னு தெரியும்."

ஆகஸ்ட் 6, புதன்

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதப் போகிறேன்.

எட்டு மணிக்குப் போனேன். சந்திரம்மா அக்கா பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னாடி மூஞ்சி வெளுத்துப் போயி கீது, நாஸ்தா துன்னியா?" என்றார். இல்லை என்றேன். மடியிலிருந்து பன் எடுத்துக் கொடுத்தார். பாதி தின்றேன். மீதியைப் பையில் போட்டேன். சுண்ணக்கட்டி வியர்வையில் நனைந்து வழுக்கியது. பாவாடையில் துடைத்துத் துடைத்து எழுதினேன்.

"என் அக்கா ஷாரோனின் மூலச் சான்றிதழ்கள் ஜூன் 12 முதல் செங்கல்பட்டு கலங்கரை ஓவர்சீஸ் அலுவலகத்தில் உள்ளன. நீல ஃபைல், பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். இருக்கைக்குப் பின்னால் உள்ள கண்ணாடி அலமாரி. அவர்கள் சொல்லும் நார்வே திட்டத்துக்கு அவர்கள் முகவர் இல்லை. மூலச் சான்றிதழ் தேவை இல்லை. நகல் போதும். அங்கே கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் கீழே பெயர் எழுதவும்.
— தே. ரூத், பதினொன்றாம் வகுப்பு."

ழ எல்லாவற்றுக்கும் வாலை நன்றாகச் சுருட்டினேன். யார் எழுதியது என்று யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

பெட்டியை மூடவில்லை. சுண்ணக்கட்டிகளைப் பலகையின் விளிம்பில் வரிசையாக வைத்தேன். தள்ளி நின்றேன். பிள்ளைகள் வந்தார்கள், படித்தார்கள், போனார்கள். சிலர் திரும்பி வந்து படித்தார்கள். ஒருவரும் சுண்ணக்கட்டியைத் தொடவில்லை. எட்டு நாற்பது. எனக்குக் கால் மரத்துவிட்டது. அந்த ஏழு பேரும் இங்கே படிக்கிறவர்கள்தான் என்று யார் சொன்னது, நானாக நினைத்துக்கொண்டேன் — என்று தோன்றியது. ஓடிப்போய்த் துடைத்துவிடலாம் என்றும் தோன்றியது. ஆமாம், தோன்றியது. அதையும் எழுதுகிறேன்.

அப்போது ஜோதிலட்சுமி வந்தாள். படித்தாள். பையைக் கீழே வைத்தாள். "சு. குமார். எங்க அண்ணன்," என்று எழுதினாள். எழுதிவிட்டு என் பக்கம் திரும்பி, "நீதானா அந்த அக்கா? 'இங்கிலீசு வராது, படிச்சிக்கோ'ன்னு உன்கிட்டயே சொன்னேன். ஒரு வார்த்த சொன்னியாடி?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு இன்னொரு பெண். பிறகு மூன்று பேர் ஒன்றாக. ஒரு ஒன்பதாம் வகுப்புக் குட்டி எட்டாமல் எம்பி எம்பி எழுதியது.

எட்டு ஐம்பதுக்கு பி.டி. மிஸ் வந்தார். போனைத் தூக்கினார். கிளிக். குரூப்பில் போட்டார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். எப்போதும் போல, படிக்காமல்.

ஒன்பது ஐந்துக்கு ஹெச்.எம். மிஸ்ஸின் போன் அடிக்க ஆரம்பித்தது. ஓடி வந்தார். "சந்திரம்மா, துடை. உடனே துடை."

சந்திரம்மா அக்கா துணியை வாளிக்குப் பின்னால் வைத்திருந்தார். நான் பார்த்தேன். "துணியக் காணோம் மிஸ். காலையிலருந்து தேடிகினு கீறேன்."

"கையால துடை."

"கையில புண்ணு மிஸ்."

மதியம் அது அழியும்போது பதினொரு பெயர். பதினொரு கையெழுத்து.

என்னை இரண்டு மணி நேரம் அறைக்கு வெளியே நிற்க வைத்தார்கள். இனிமேல் கரும்பலகைப் பக்கம் போகக் கூடாது. டி.சி. கொடுத்துவிடுவேன் என்றார் மிஸ். "குடுங்க மிஸ். அத மட்டும் யாருகிட்டயும் குடுக்க மாட்டேன்," என்றேன். சத்தியமாக நான்தான் சொன்னேன்.

அப்பா இன்னும் வீட்டுக்கு வரவில்லை. மணி ஒன்பது.

ஆகஸ்ட் 7, வியாழன்

நேற்று அப்பா பத்தரைக்கு வந்தார். நான் தூங்குவது போலக் கிடந்தேன். அவர் அம்மாவிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

போட்டோ அவர் போனுக்கும் வந்திருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படித்தாராம். பட்டாம்பூச்சி என்ற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டாராம். அந்த ஸ்டிக்கரை ஷாரோன் ஒட்டும்போது பக்கத்தில் இருந்தவர் அவர். கண்ணாடி அலமாரி அவருக்கும் நினைவுக்கு வந்திருக்கிறது.

காலை ஷிஃப்ட் இறக்கிவிட்டால் மாலை வரை வேன் சும்மா நிற்கும். பெற்றோர் குரூப்பில் எண் தேடி, கீழே பெயர் எழுதிய பிள்ளைகளின் வீடுகளுக்குப் போன் போட்டிருக்கிறார். எட்டு பேர் ஏறினார்கள். நேராகச் செங்கல்பட்டு. ஒப்பந்தக்காரருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்.

"உள்ள போனேன். 'வாங்க தேவசகாயம் சார், உக்காருங்க'ன்னான். 'சாரெல்லாம் வாணாம்பா. ஃபைல எடு'ன்னேன். எம்பஸின்னான். நான் நேரா அவன் பின்னால போயி அலமாரியத் தொறந்தேன். பூட்டக்கூட இல்ல மார்கரெட்டு. பூட்டக்கூட இல்ல. நான் அன்னிக்கே எந்திரிச்சி நாலு அடி நடந்திருந்தா போதும்."

பிறகு அப்பா மூக்கைச் சிந்துவது கேட்டது.

காலையில் எழுந்தபோது என் தலைமாட்டில் நீல ஃபைல் இருந்தது. ஷாரோனின் தலைமாட்டில் இல்லை. என் தலைமாட்டில்.

ஆகஸ்ட் 9, சனி

பதினொரு ஃபைல்களில் ஒன்பது கிடைத்துவிட்டன. இரண்டு அலமாரியில் இல்லை. ஒன்று குமார் அண்ணனுடையது. அலுவலகம் வெள்ளிக்கிழமையிலிருந்து பூட்டிக்கிடக்கிறது. ஜோதிலட்சுமியும் அவள் அப்பாவும் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நகல் மதிப்பெண் சான்றிதழ் வாங்க எங்கே விண்ணப்பிப்பது என்று நான் தேடிப் படித்து எழுதிக் கொடுத்தேன். பக்கத்திலும் போட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஷாரோனுக்குச் சரிபார்ப்பு முடிந்தது. "ஃபைலத் தொறந்தவங்க ஸ்டிக்கரப் பாத்து சிரிச்சாங்கடி," என்றாள்.

செப்டம்பர் 3, புதன்

கரும்பலகையில் இப்போது ஜோதிலட்சுமி எழுதுகிறாள். எழுத்து வலது பக்கம் சாய்கிறது. கீறலுக்கு மேலேயே எழுதுகிறாள், சுண்ணக்கட்டி உடைகிறது. இன்று, "கீறல் வந்தா இன்னா பண்ணுவ?" என்று என்னிடம் கேட்டாள். காட்டினேன், காற்றில், விரலால். பலகையைத் தொடவில்லை. தடை இருக்கிறதே.

பி.டி. மிஸ் இப்போதெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டுத்தான் போட்டோ எடுக்கிறார்.

செப்டம்பர் 12, வெள்ளி

விண்ணப்பம் போடுகிறேன். எனக்கு. ஒரு வருஷம், உதவித்தொகையோடு. கிடைக்குமா தெரியாது. ஆயிரம் பேர் போடுவார்கள். பெற்றோர் கையொப்பம் வேண்டும் என்று தாளை அப்பாவிடம் நீட்டினேன். ஆங்கிலத்தில் இருந்ததால் வரி வரியாகச் சொல்லச் சொன்னார். எங்கே தங்குவாய், யார் வீடு, உடம்பு சரியில்லை என்றால் யார் பார்ப்பார்கள், எல்லாம் கேட்டார். கடைசியாக, "ஒரிஜினல் கேக்குதா?" என்றார்.

"இல்லப்பா. நகல் போதும்."

பேனாவை வாங்கி, நெஞ்சோடு அழுத்திப் பிடித்த பரீட்சை அட்டையில் வைத்து, முழுப் பெயரையும் எழுதினார். அ. தேவசகாயம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆலயத்தில் என் பைபிளின் ஓரங்கள் மடங்கிக் கிடந்ததை அம்மா பார்த்துவிட்டாள். "உறை எங்கடி?" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அவள் கண் முன்னாலேயே ஜிப்பைத் திறந்தேன். நோட்டை வெளியே எடுத்தேன். பைபிளை உள்ளே வைத்தேன்.

அம்மா நோட்டைப் பார்த்தாள். கேட்கவில்லை. இப்போது மணி ஒன்பதரை ஆகிறது. பாயைத் தட்டிப்போட்டுப் படுத்தவள் எழுந்து வந்து, "இருட்டுல எழுதி கண்ணக் கெடுத்துக்காத. லைட்டப் போட்டுக்கோ," என்று சொல்லிவிட்டு முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

போட்டுக்கொண்டேன்.